ராட் பிரிண்டமோர்: கேப்டன் பயிற்சியாளரானது எப்படி, இடிப்பது எங்கே?

செங்கோடு எழுதியது:

என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணியான கரோலினா ஹரிக்கேன்ஸ் பேச்சு இங்கே அடிக்கடி வருகிறது, ஆனால் அவர்களுடைய பயிற்சியாளர் ராட் பிரிண்டமோருக்கென்று தனி இழை இல்லை. அதனால் திறக்கிறேன்.

மேலோட்டமான விவரம் தெரிந்ததுதான். 1970-ல் ஒட்டாவாவில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் கேம்பெல் ரிவரில் வளர்ந்தவர். 1988 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) செயின்ட் லூயிஸ் புளூஸ் 9-வது ஆளாக எடுத்தது. 1991-ல் பிலடெல்பியா, 2000 ஜனவரியில் கீத் பிரிமோவுக்குப் பதிலாகக் கரோலினா. மொத்தம் 1,484 ஆட்டம், 452 கோல், 732 அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்த பாஸ்). 1997-லும் 2002-லும் இறுதிவரை போய் இரண்டு தடவையும் டெட்ராய்ட்டிடம் தோல்வி. 2006-ல் கேப்டனாக ஸ்டான்லி கோப்பை, அதாவது லீகின் சாம்பியன் பட்டம். 2018 மே மாதம் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். 2021-ல் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது.

மூன்று சந்தேகம்.

ஒன்று: ஆட்டக்காரராக உச்சம் தொட்ட வெய்ன் கிரெட்ஸ்கி நான்கு சீசன் பயிற்சியாளராக நின்றும் ஒரு தடவைகூட பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பார்க்கவில்லை. இவருக்கு மட்டும் முதல் வருடமே எப்படி அமைந்தது?

இரண்டு: ஆட்டக்காரராக அவர் செய்ததில் எது இன்று அணியின் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது? "உழைப்பு, ஒழுக்கம்" என்று யாரும் எழுத வேண்டாம். அது எந்தப் பயிற்சியாளருக்கும் ஒட்டும்.

மூன்று: 2022-23 லீகில் 113 புள்ளி எடுத்த அணி கான்ஃபரன்ஸ் இறுதியில் (கோப்பை இறுதிக்கு முந்தைய சுற்று, நான்கு வெற்றி வேண்டும்) ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வீடு திரும்பியது எப்படி?


மூன்றாம்_லைன் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன், மற்றதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

"முதல் வருடமே அமைந்தது" என்பதில்தான் கணக்கு இடிக்கிறது. 2010 ஜூனில் ஓய்வு பெற்றதுமே அணி அவரை இளம் வீரர்களைக் கவனிக்க வைத்துக்கொண்டது. 2011-ல் உதவிப் பயிற்சியாளர். அங்கிருந்து ஏழு சீசன் பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். பால் மோரிஸ் (அவரை 2011 நவம்பரில் நீக்கினார்கள்), கர்க் மல்லர், பில் பீட்டர்ஸ் என்று மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். ஏழு சீசனிலும் பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை. எது எடுபடவில்லை என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஏழு வருடம் பார்க்கக் கிடைப்பது லேசான படிப்பு இல்லை.

உதவிப் பயிற்சியாளர் வேலை என்னவென்று தெரிந்தால்தான் இது புரியும். பெஞ்சில் வழக்கமாக ஒருவர் முன்கள வீரர்களையும் இன்னொருவர் தற்காப்பு வீரர்களையும் பார்த்துக்கொள்வார்கள். அடுத்து யார் இறங்குவது என்று கூப்பிடுவது, எதிரணியின் எந்த லைன் (சேர்ந்து இறங்கும் மூன்று முன்கள வீரர்) தளத்தில் இருக்கிறது என்று கண் வைப்பது, யார் 60 விநாடி தாண்டி மூச்சு வாங்குகிறார் என்று கவனிப்பது, எல்லாம் அவர்கள் பாடு. இடைவேளை 18 நிமிடம்தான். அதற்குள் வீடியோ ஆள் வெட்டித் தரும் துண்டுகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்து ஆட்டக்காரருக்குக் காட்ட வேண்டும். பத்து காட்டினால் ஒன்றும் மண்டையில் ஏறாது. அடுத்த நாள் பயிற்சியில், "நேற்று உன்னைக் கடைசி ஐந்து நிமிடம் ஏன் இறக்கவில்லை" என்பதை முகத்துக்கு நேராகச் சொல்வதும் பெரும்பாலும் உதவியாளர்தான். முடிவு தலைமையுடையது, வசவு உதவியாளருக்கு.

கிரெட்ஸ்கிக்கு இந்தக் கட்டமே இல்லை. 2005-ல் நேராக ஃபீனிக்ஸ் கயோட்டீஸின் தலைமைப் பதவி. 143 வெற்றி, 161 தோல்வி, கூடுதல் நேரத்தில் 24 தோல்வி. அணியும் சொத்தைதான், 2009-ல் திவால் நீதிமன்றம் வரை போனது. எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனாலும் பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) எங்கே வரப்போகிறது என்று உள்ளுணர்வால் ஆடியவருக்கு, அது தெரியாத மூன்றாம் லைன் ஆளிடம் என்ன சொல்வது? பிரிண்டமோர் ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்ட ரகம். அதைத் திரும்பப் பிரித்துக் காட்ட அவரால் முடியும்.

இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்ரிக் ராய் கியூபெக் ரெம்பார்ட்ஸ் ஜூனியர் அணியில் எட்டு சீசன் பயிற்சி கொடுத்துவிட்டு வந்து, 2013-14-ல் கொலராடோவில் முதல் வருடமே ஜாக் ஆடம்ஸ் வாங்கினார். 2016 ஆகஸ்டில் விட்டுவிட்டுப் போனார். மார்ட்டின் செயின்ட் லூயிஸை மான்ட்ரியால் 2022 பிப்ரவரியில் எடுத்தபோது, சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தது தவிர அவர் கையில் ஒன்றுமில்லை. 2025-ல் பிளேஆஃப் போய்விட்டார். தம்பா பேயின் ஜான் கூப்பர் தொழில்முறை ஆட்டமே ஆடாமல் இரண்டு கோப்பை தூக்கியவர்.

இன்னொன்று. 2018-19 சீசனைக் கதையாகச் சொல்பவர்கள், டிசம்பர் கடைசியில் கரோலினா பாதி ஆட்டம்கூட ஜெயிக்காமல் கிடந்ததை விட்டுவிடுவார்கள். அப்போது முறையை மாற்றாமல் அதையே ஆட வைத்தார். ஜனவரியில் விக்டர் ராஸ்கைக் கொடுத்து நீனோ நீடர்ரைட்டரை வாங்கினார்கள், கோலிகள் (கோல் காப்பவர்கள்) ம்ராஸெக்கும் மெக்கெல்ஹினியும் வலையில் நிலைத்தார்கள். சீசன் 99 புள்ளியில் முடிந்து, ஒன்பது சீசன் பஞ்சம் தீர்ந்தது. முதல் சுற்றில் அப்போதைய சாம்பியன் வாஷிங்டனை ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது கூடுதல் நேரத்தில் வெளியேற்றினார்கள். கோல் பிராக் மெக்கின், பாஸ் ஜஸ்டின் வில்லியம்ஸ். 2006 இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் காலி வலையில் கடைசி கோல் போட்டவரும் அதே வில்லியம்ஸ்தான். பழைய சகாவைக் கேப்டனாக்கியதுதான் பிரிண்டமோர் அந்த வருடம் எடுத்த முதல் பெரிய முடிவு.


டிரா_வட்டம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் பதில் ஒரே சொல்: ஃபேஸ்ஆஃப். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் வட்டத்தில் போடும் பக்குக்காக இரண்டு அணியிலிருந்தும் ஒருவர் மோதுவது, டிரா என்றும் சொல்வோம்.

2005-06-ல் அவர் சுமார் 59 சதவீத ஃபேஸ்ஆஃப் ஜெயித்தார், அதுவும் ஆட்டத்துக்குச் சராசரி 24 நிமிடம் ஆடிக்கொண்டு. முன்கள வீரருக்கு அது அநியாய நேரம், 20 நிமிடம் ஆடினாலே முதல் லைன் என்போம். அந்த வருடமும் அடுத்த வருடமும் தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருது அவருக்குத்தான்.

இடது கைப் பிடிக்காரர், அதாவது ஸ்டிக்கின் கீழே இடது கை. வட்டத்தில் குனியும்போது கீழ்க் கையைப் புரட்டி, உள்ளங்கை தன்னைப் பார்க்கும்படி பிடிப்பது பெரும்பாலான நல்ல சென்டர்களின் (லைனின் நடு ஆள், ஃபேஸ்ஆஃப் எடுப்பவர்) வழக்கம். கை பிளேடுக்குக் கிட்டத்தில் இறங்கும், கால் தோளைவிட அகலமாகும், தலை புள்ளிக்கு மேல் வரும். கண் பக்கில் இருக்கக்கூடாது, பக்கைப் போடும் லைன்ஸ்மேன் (துணை நடுவர்) மணிக்கட்டில் இருக்க வேண்டும். பக் தரையைத் தொட்ட பிறகு அசைந்தால் தாமதம், முன்னால் அசைந்தால் வட்டத்தை விட்டு வெளியே. நேராகப் பக்கை இழுக்கப் போகிறவன் பாதி தடவை தோற்பான். முதலில் எதிராளியின் பிளேடை வெட்டித் தள்ளி, அதே வீச்சில் பின்கையால் இடப்பக்கமாக இழுக்க வேண்டும். இழுக்க முடியாது என்று தெரிந்தால் எதிராளியின் ஸ்டிக்கைத் தூக்கிப் பூட்டிவிட்டு, காலால் பக்கைத் தன் விங்கரிடம் (லைனின் ஓர ஆள்) தள்ளுவது. வெட்டு, இழு, இல்லையேல் பூட்டு. இவ்வளவுதான், ஆனால் எதிரில் நிற்பவனுக்கும் இதெல்லாம் தெரியும்.

இடது பிடிக்காரருக்கு இடப்பக்க வட்டம் ராசியானது: பின்கை இழுப்பு பலகைப் (தளத்தைச் சுற்றியுள்ள தடுப்பு) பக்கமாகப் போகும், வலைக்கு முன்னால் பக் உருளாது. வலப்பக்க வட்டத்தில் அதே இழுப்பு நடுப்பகுதிக்கு வரும். தன் வலைக்கு முன்னால் என்றால் அது தற்கொலை. அதனால்தான் கடைசி நிமிடங்களில் ஒரே லைனில் இடது பிடி ஒருவர், வலது பிடி ஒருவர் என்று இரண்டு சென்டரை இறக்குவார்கள். ஒருவரை லைன்ஸ்மேன் வெளியேற்றினாலும் மற்றவர் இருப்பார்.

பயிற்சியாளராக இதை எங்கே பார்க்கலாம்? ஐசிங் (தன் பாதியிலிருந்து அடித்த பக் எதிரணி கோல் கோட்டையும் தாண்டிப் போவது; ஃபேஸ்ஆஃப் அடித்த அணியின் பகுதிக்கே திரும்பும்) ஆனதும் பெஞ்சைப் பாருங்கள். ஐசிங் அடித்த அணி ஆளை மாற்ற முடியாது, 2017-18-லிருந்து டைம்அவுட்டும் கேட்க முடியாது. 2019-20-லிருந்து எந்தப் பக்க வட்டம் என்பதையும் தாக்கும் அணியே தேர்ந்தெடுக்கலாம். களைத்த ஐவர் ஒரு பக்கம், புதுக் கால்கள் மறுபக்கம், வட்டமும் நம் விருப்பம். கரோலினா இந்த வாய்ப்பை வீணாக்குவது அபூர்வம். பக் பின்னால் வந்ததும் நீலக்கோட்டிலிருந்து (எதிரணி பகுதியின் எல்லைக்கோடு) அடி, வலைக்கு முன்னால் இரண்டு பேர். ஸ்டிக்கை முதலில் வைப்பது தற்காப்பு அணி என்பதால் தாக்குபவருக்கு இன்னும் ஒரு அனுகூலம்.


பழைய_ரூல்புக் எழுதியது:

@டிரா_வட்டம், ஒரு சின்னத் திருத்தம். தற்காப்பு அணியின் சென்டர் முதலில் ஸ்டிக் வைக்க வேண்டும் என்பது 2015-16-ல் வந்த விதி. பிரிண்டமோர் ஆடிய காலத்தில் எந்த வட்டமானாலும் வெளியூர் அணிக்காரர்தான் முதலில் வைக்க வேண்டும். ஆகவே கரோலினாவின் சொந்த ஊரான ராலியில் அவருக்கு எப்போதும் இரண்டாவதாக வைக்கும் வசதி இருந்தது, வெளியூரில் எப்போதும் இல்லை. அவருடைய 59-ஐ இன்றைய ஆட்டக்காரர் கணக்கோடு நேராக ஒப்பிடாதீர்கள். இப்போது மையக் கோட்டில் மட்டும் வெளியூர் அணி முதலில் வைக்கும்.

சொன்ன மற்றதெல்லாம் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சென்டரை வெளியேற்றி, அடுத்து வந்தவரும் அதே பிசகைச் செய்தால் அணிக்கு 2 நிமிடத் தண்டனை.


பெஞ்ச்_கதவு எழுதியது:

ஃபேஸ்ஆஃப் சரி அண்ணே, ஆனா அது ஆட்டத்துல ஒரு துளி. டிரா ஜெயிக்காத அணியும் கோப்பை தூக்கியிருக்கு. பிரிண்டமோர் ஆட்டக்காரரா இருந்ததுல இன்னிக்கும் தெரியறது வேற: ஒருத்தனைப் பிடிச்சா விடாம தொடர்றது. அதையே அஞ்சு பேருக்கும் பாடமாக்கிட்டார்.

கரோலினா தன் பகுதியில ஆளுக்கு ஆள் காக்கும். பல அணிகள் இடத்தைப் பிரிச்சுக் காப்பாங்க: நீ வலைக்கு முன்னாடி, நீ மூலை, நீ நீலக்கோடு. இங்கே அப்படி இல்ல. உன் ஆள் நீலக்கோட்டுக்கு ஏறினா நீயும் ஏறு, வலைக்குப் பின்னாடி போனா நீயும் போ. டிவியில பார்க்கும்போது தற்காப்பு வீரர் ஒருத்தர் திடீர்னு நீலக்கோடு பக்கம் நிப்பார், ஜோர்டன் ஸ்டால் மாதிரி ஒரு சென்டர் வலைக்கு முன்னாடி நிப்பார். ஆள் இடம் மாறி நிக்கிறாங்கன்னு நினைக்காதீங்க, அதான் திட்டமே.

இதுல லாபம்: எதிராளிக்கு பக் வந்ததும் மேலே ஆள் விழுந்துடும், யோசிக்க நேரம் கிடையாது. நஷ்டம் மூணு வகை.

முதல்ல, குறுக்கு ஓட்டம். பலகை ஓரமா ரெண்டு எதிராளி எதிர் எதிரா கடந்தா, அவங்களைத் தொடர்ற நம்ம ரெண்டு பேரும் மோதிக்குவாங்க. ஆளை மாத்திக்கலாமான்னு ஒரு கணம் தயங்கினா போச்சு, ஒருத்தன் தனியா வலைக்கு முன்னாடி. இதுக்கு ஒரே மருந்து வாய்: "மாத்து"ன்னா மாத்து, "இரு"ன்னா இரு, ஆனா கத்தணும். புதுசா வர்ற ஆட்டக்காரங்க சீசன் தொடக்கத்துல சொதப்பறது பெரும்பாலும் இங்கேதான்.

ரெண்டாவது, களைப்பு. இடம் காக்கறவன் களைச்சா நின்ன இடத்துல நிக்கலாம், ஆள் காக்கறவன் நிக்க முடியாது. அதனால ஷிஃப்ட் (ஒரு தடவை இறங்கி ஆடற நேரம்) 40, 45 விநாடி தாண்டக்கூடாது. ரெண்டாவது பீரியட்ல அணிகள் பக்கம் மாறும், நம்ம வலை பெஞ்சுலேருந்து தூரமாயிடும். ஆளை மாத்த ஓடணும்னா நீலக்கோட்டைத் தாண்டி நீளமா ஓடணும். பக்கை வெளியே தள்ள முடியாம மாட்டிக்கிட்டா அந்த அஞ்சு பேரும் ஒன்றரை நிமிஷம் உள்ளேயே கிடப்பாங்க. கரோலினா வாங்கற அசிங்கமான கோல் எல்லாம் இந்த மாதிரிதான் வருது.

மூணாவது, தனியா ஒரு ஆட்டக்காரர் பலவீனமா இருந்தா மறைக்க இடமில்ல. ஜாக்கப் ஸ்லாவின் மாதிரி ஸ்டிக் நீட்டியே பக்கைப் பிடுங்கி, தண்டனையும் வாங்காத தற்காப்பு வீரர் இருக்கறதாலதான் இது நிக்குது. கண்ணியமா ஆடறவங்களுக்குத் தர்ற லேடி பிங் விருது ரெண்டு தடவை, அதுவும் தற்காப்பு வீரருக்கு! அந்த ஆள் இல்லாத அணியில இதே முறையை வெச்சுப் பாருங்க, பத்து ஆட்டத்துல பயிற்சியாளர் வேலை போயிடும்.

எதிராளி பகுதியிலயும் அதே கதைதான். முதல் ஆள் பக் வெச்சிருக்கறவன் மேல நேராப் போகாம வளைஞ்சு போய், நடுவை அடைச்சு பலகைப் பக்கம் துரத்துவான். ரெண்டாவது ஆள் பலகை ஓரப் பாஸை வெட்டுவான். நம்ம தற்காப்பு வீரர் நீலக்கோட்டை விட்டு இறங்கி வந்து பக்கைப் பிடிச்சு நிறுத்துவார். இறங்கின தற்காப்பு வீரர் இடத்துல யார் நிக்கணும்? மூணாவது முன்கள ஆள். அவன் ஆசைப்பட்டு கோலுக்கு ஓடிட்டான்னா பின்னாடி காலி, ரெண்டுக்கு ஒண்ணு. கரோலினா கோல் வாங்கினா ரீப்ளேல பக்கைப் பார்க்காதீங்க, அந்த மூணாவது ஆள் எங்கே இருந்தான்னு பாருங்க. பாதி பதில் கிடைச்சுடும்.

பெனால்ட்டி கில்லும் (தண்டனையால ஒரு ஆள் குறைஞ்சு ஆடறப்ப கோல் விடாம தடுக்கறது) இதே புத்திதான். நாலு பேர் சதுரமா ஒடுங்கி நிக்காம நீலக்கோட்டுலயே போய் மேல விழுவாங்க. 2021-22-ல 88 சதவீதம், லீகிலேயே முதல் இடம்.

இதுக்கெல்லாம் அடிப்படை உடம்பு. மிச்சிகன் ஸ்டேட்ல படிச்ச காலத்துலேயே இவரை ஜிம்முல இருந்து கிளப்பறதுக்குப் பூட்டுப் போட்டாங்கன்னு கதை உண்டு. பிலடெல்பியாவுல தொடர்ந்து 484 ஆட்டம், 1999-ல கால் எலும்பு உடைஞ்சப்பதான் பெரிய இடைவெளி. இப்படி ஒரு ஆள் "45 விநாடி முழு வேகத்துல ஓடு"ன்னு சொன்னா எதிர்த்துப் பேச எவனுக்கு வாய் வரும்? உதவியாளரா கூட நிக்கற ஜெஃப் டேனியல்ஸ், டிம் கிளீசன் ரெண்டு பேரும் கரோலினாவுல அவரோட ஆடினவங்க. பெஞ்சுக்குப் பின்னாடி மூணு பேருக்கும் ஒரே பாஷை.


காலி_வலை எழுதியது:

மேலே எல்லாரும் கொஞ்சம் பாசமாகவே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

கணக்கு இது. 2019-ல் பாஸ்டனிடம் 0-4. 2023-ல் புளோரிடாவிடம் 0-4. 2025-ல் மறுபடி புளோரிடா, முதல் மூன்றும் தோல்வி, நான்காவதில் 3-0 வெற்றி, ஐந்தாவதில் கதை முடிந்தது. 2009-ல் பிட்ஸ்பர்கிடம் வாங்கிய 0-4-ஐச் சேர்த்தால் கான்ஃபரன்ஸ் இறுதியில் வரிசையாக 15 தோல்வி. அந்த 2009 அணியில் பிரிண்டமோர் ஆட்டக்காரர், பயிற்சியாளர் பால் மோரிஸ். 2023-லும் 2025-லும் எதிர் பெஞ்சில் நின்றவரும் அதே மோரிஸ். தன் கீழ் ஆடியவர், பிறகு தன் உதவியாளர், அவரையே இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினார். நாவலில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

2023-ஐ துரதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஆட்டமும் ஒரே கோல் வித்தியாசம். முதல் ஆட்டம் நான்காவது கூடுதல் நேரம் வரை போய், அதிலும் 13 விநாடி மிச்சமிருக்கும்போது மாத்யூ டகாச்சுக் முடித்தார். 2025-க்கு அந்தச் சாக்கு செல்லாது. தோற்ற நான்கும் 5-2, 5-0, 6-2, 5-3.

காரணம் என்னைப் பொறுத்தவரை இரண்டு. கரோலினா நிறைய அடிக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு நீலக்கோட்டிலிருந்தும் பலகை ஓரத்திலிருந்தும் வருவது. அந்த அடி கோலாக வேண்டுமென்றால் வலைக்கு முன்னால் ஒருவர் கோலியின் கண்ணை மறைக்க வேண்டும், இன்னொருவர் பிளேடால் திசை திருப்ப வேண்டும். ஜனவரியில் எதிரணி அதற்கு இடம் கொடுக்கும். மே மாதம் புளோரிடா கொடுக்காது: மறைக்க வருபவரைத் தள்ளிவிடும், அடியை உடம்பால் தடுக்கும். அவர்கள் கோலி பாப்ரோவ்ஸ்கி பார்த்த பக்கை விட மாட்டார். சாதாரண இடத்திலிருந்தும் கோல் போடும் ஆள் வேண்டும் என்று அணிக்கே தெரியும். 2024 மார்ச்சில் ஜேக் கென்ட்ஸலை வாங்கினார்கள், கோடையில் தம்பாவுக்குப் போய்விட்டார். 2025 ஜனவரியில் மிக்கோ ரான்டனென், 13 ஆட்டத்தோடு டல்லாஸுக்கு அனுப்பினார்கள். எல்லாரும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்ற முறையில் அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு பொருந்துவார்கள் என்பது நியாயமான கேள்வி.

இரண்டாவது காரணம், ஆளுக்கு ஆள் காப்பதை உடைக்க புளோரிடாவிடம் சாவி இருக்கிறது. பக்கைப் பின்னால் எறிந்துவிட்டு, எடுக்கத் திரும்பும் தற்காப்பு வீரரை இடித்துப் பிடுங்குவார்கள். பக் கைமாறும் அந்தக் கணத்தில் யாருக்கு யார் ஆள் என்று கரோலினா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும்.

வெளியூர் விஷயமும் உண்டு. 2022 பிளேஆஃபில் கரோலினா சொந்த ஊரில் முதல் ஏழு ஆட்டமும் வெற்றி, வெளியூரில் ஆறு ஆட்டமும் தோல்வி, கடைசியில் ரேஞ்சர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தை ராலியிலேயே 2-6 என்று விட்டார்கள். சொந்த ஊரில் கடைசியாக ஆளை மாற்றும் உரிமை இருக்கிறது: எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டு ஸ்டால் லைனை அவர்கள் மேல் ஏவலாம். வெளியூரில் அது கிடையாது. எந்த லைனும் எந்த லைனோடும் ஆட வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளருக்கு இந்தக் கணக்கு சங்கடமானது.


பழைய_ரூல்புக் எழுதியது:

@காலி_வலை, 0-6-ஐ முழுக்க ஆள் மாற்றத்தின் மேல் போட முடியாது, 2022-ல் முதல் கோலி ஃபிரெடரிக் ஆண்டர்சன் காயத்தில் வெளியே. ஆனால் ஒரு பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை.

பிரிண்டமோருக்கு இடிக்கும் இன்னொரு இடம் சவால் விடுவது, அதாவது கோலை வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்வது. கோலுக்கு எதிராக மூன்று காரணத்துக்குத்தான் சவால் விடலாம்: ஆஃப்சைடு (பக்குக்கு முன்னால் ஆள் நீலக்கோட்டைத் தாண்டுவது), கோலிக்குத் தடை, நடுவர் விசில் அடிக்கத் தவறியது. எது என்று பயிற்சியாளரே சொல்ல வேண்டும். தப்பினால் 2019-20-லிருந்து 2 நிமிடத் தண்டனை, அதே ஆட்டத்தில் மறுபடி தப்பினால் 4 நிமிடம். 2020 ஆகஸ்டில் டொரான்டோவில் பாஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் சார்லி கோய்ல் கோல் மேல் இப்படித்தான் சிக்கல். எந்தக் காரணத்தைச் சொல்வது என்பதில் குழப்பம், சவால் தோற்றது, தண்டனையும் வந்தது. ஆட்டத்துக்குப் பிறகு நடுவர்களைச் சாடியதற்கு லீக் 25,000 டாலர் அபராதம் போட்டது. பெஞ்சில் டேப்லெட் பார்த்துச் சொல்லும் வீடியோ ஆளுக்குக் கிடைப்பது சில விநாடிதான். உறுதி இல்லையென்றால் விட்டுவிடுவதே புத்தி, கோலும் போய்த் தண்டனையும் வாங்குவதைவிட.


செங்கோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, கேட்டதைவிட அதிகம் கிடைத்தது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இந்த முறை ஒழுங்காக ஆடும்போது எப்படி இருக்கும் என்று ஒரு முழு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கலாம்? கோப்பை ஆட்டம்தான் வேண்டும் என்றில்லை.


பெஞ்ச்_கதவு எழுதியது:

2020 பிப்ரவரி 22, டொரான்டோவுல மேப்பிள் லீஃப்ஸுக்கு எதிரா. டொரான்டோ நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க.

ரைமர், ம்ராஸெக் ரெண்டு கோலியும் காயம். அவசரகால கோலியா உட்கார்ந்திருந்த டேவிட் ஏயர்ஸ் இறங்கினார். 42 வயசு, ஐஸ் தளத்துல வேலை பார்க்கறவர். எல்லாரும் அவர் கதையைத்தான் பேசுவாங்க. நீங்க அவரைப் பார்க்காதீங்க, முன்னாடி நிக்கற அஞ்சு பேரைப் பாருங்க. முதல் ரெண்டு அடியும் கோல். அதுக்கப்புறம் பெஞ்சுல யாரும் ஒடுங்கி நில்லுங்கன்னு சொன்ன மாதிரி தெரியல, மாறா மேலே ஏறிப் பிடிச்சாங்க. ஏயர்ஸ் நின்னது 28 நிமிஷத்துக்கு மேல, டொரான்டோ மாதிரி அடிக்கற அணியால அவர் மேல மொத்தம் 10 அடிதான் அடிக்க முடிஞ்சுது. 6-3 வெற்றி.

மூணாவது பீரியட்ல பக் டொரான்டோ நீலக்கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே பலகை ஓரத்துல எத்தனை தடவை நிக்குதுன்னு எண்ணிக்கிட்டே பாருங்க. ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்த தற்காப்பு வீரருக்குப் பின்னாடி நான் சொன்ன மூணாவது ஆள் இருப்பான்.